கோட்டையைக் குடைந்தவர்கள்

எங்கள் வீட்டின் பின்சுவர் எங்களுடையது இல்லை. அது பாளையங்கோட்டைக் கோட்டையின் மதில். ஊர்ப் பெயரில் கோட்டை இருக்கிறதே, கோட்டையைக் காணோமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் இங்கே பாதிப் பேர் விழிப்பார்கள். பெரும்பகுதியை வெள்ளைக்காரன் காலத்திலேயே இடித்துத் தள்ளிவிட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியதில் ஒரு துண்டு எங்கள் தெருவுக்குப் பின்னால் நிற்கிறது. தெருவின் ஒரு வரிசை வீடுகள் முழுவதும் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருக்கின்றன. என் மாமனார் இந்த வீட்டைக் கட்டும்போது பின்பக்கத்துக்குச் செங்கலே வேண்டாம் என்று துள்ளிக் குதித்தாராம்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மதில் என்றால் வகுப்பில் நூறு மதில். சாம்ராஜ்யங்கள் ஏன் விழுந்தன என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொரு பரீட்சையிலும் வந்துவிடும். வாரிசுச் சண்டை, திறமையற்ற அரசர்கள், ஆடம்பரம், அந்நியப் படையெடுப்பு என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதித் தள்ளுவார்கள். நான் பாடத்தின் கடைசியில் என் பங்குக்கு ஒன்று சேர்ப்பேன். "வெளிய நிக்கவன் வருஷக்கணக்கா நின்னாலும் கோட்டை விழாது பிள்ளைகளா. உள்ள இருக்க ஒருத்தன் கதவத் தொறந்து விட்டிருப்பான்." துரோகி என்ற சொல் வரும்போது என் குரல் தானாக உயரும். பிள்ளைகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எனக்கும்தான். நல்ல துரோகி ஒருத்தன் கிடைத்துவிட்டால் மத்தியான வகுப்பில்கூட ஒருத்தியும் தூங்க மாட்டாள்.

கோட்டைக்குள் இருக்கிறோம் என்ற மிதப்பு எங்கள் தெருவுக்கு உண்டு, மறைத்து என்ன செய்ய. மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் அகழி இருந்த பள்ளத்தில், இப்போது இன்னொரு தெரு இருக்கிறது. அவர்களும் எங்களைப் போலவே மதிலில் முதுகைச் சாய்த்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவுக்குப் போக நாங்கள் தெருமுக்கு வரை போய், வளைந்து, சுற்றித்தான் போக வேண்டும் என்பதால் யாரும் போவதில்லை. "அவங்க வெளிய உள்ளவங்க" என்று சொல்வோம். எந்த ராஜாவோ எங்களுக்கென்றே மதிலைக் கட்டி வைத்த மாதிரி பேச்சு.

என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சில் முதல் ஆள். பொதுப்பணித்துறையில் தாமிரபரணி வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் வாய்க்கால் கரையிலேயே நடந்து தேய்ந்த மனிதர். கரையில் ஒரு எலி வளையோ நண்டு வளையோ கண்ணில் பட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. வயல்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். "ஒரு வளைய விட்டுட்டு வீட்டுல போயி படுத்திருங்க வே! காலைல வாய்க்காலு ஒங்க வயலுக்குள்ள வந்து படுத்திருக்கும்!" மதிலைப் பார்க்க யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் இவர்தான் வழிகாட்டி. கல்லைத் தட்டிக் காட்டி, "பீரங்கிக்கே அசையாத சுவரு" என்பார். எந்தப் பீரங்கி, யார் சுட்டார்கள் என்று நான் கேட்டால், "டீச்சர் வந்துட்டா, பரீட்சை வைக்க" என்று வந்தவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற வருஷத்துக் கோடையில், அதே மதிலில் ஒரு குகை வெட்டினார். குகை என்று நான்தான் சொல்கிறேன். அவர் அதை ஆபீஸ் என்பார். அடுக்களையை ஒட்டி மதில் வரை நீளும் புறவாசலில் எங்கள் பக்கத்துக் கற்கள் எப்போதோ காணாமல் போய், உள்ளே இருந்த செம்மண் தெரிந்துகொண்டிருந்தது. அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, தென்னை மூட்டில் கொட்டினார். சாய்வு நாற்காலி போடும் அளவு ஆனதும் நிறுத்தினார். அக்கினி நட்சத்திர வெயிலில் ஊரே ஆவியாகிக்கொண்டிருக்கும்போது இவர் அதற்குள் உட்கார்ந்து என்னிடம் போர்வை கேட்டிருக்கிறார். பேப்பரை அங்கேதான் வாசிப்பார். வாசிப்பார் என்றால் தலைப்பிலிருந்து மரண அறிவிப்பு வரை சத்தமாக, வானொலிச் செய்தி மாதிரி.

இவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தெருவில் மதிலைச் சுரண்டாத வீடே கிடையாது. ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் வைக்க ஒரு பொந்து. அடுத்த வீட்டில் வாஷிங் மெஷினுக்கு. அதற்கடுத்த வீட்டில் அந்தம்மாள் முழங்கால் போட்டு ஜெபிக்க ஒரு சின்ன அறை, உள்ளே சீரியல் பல்பெல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கும். முக்கு வீட்டில் கோழிக்கூடு. மதிலின் கல்லோ, எல்லார் வீட்டுப் புறவாசலிலும் துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. ஆனால் குடைந்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள், அடிக்க வந்துவிடுவார்கள். "குடையவா? எடம் பண்ணுனோம்" என்பார்கள். எங்கள் தெரு அகராதியில் குடைவது என்பது அடுத்த வீட்டுக்காரன் செய்வது.

எங்கள் ஒரே மகன் சென்னையில் இருக்கிறான். அவன் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அவன் சொல்லும் முதல் பெருமை, "சேஃப்ம்மா" என்பது. உண்மைதான். வாசலில் சீருடை போட்ட காவல்காரர்கள், மூலைக்கு மூலை கேமரா, சுற்றிலும் மதில், மதில் மேல் கம்பி வேலி. நான் பெற்ற பிள்ளையின் வீட்டுக்குள் நுழைய, கீழே நிற்கும் காவல்காரர் மேலே போன் போட்டு, "ஒங்க அம்மான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க, விடவா?" என்று கேட்டார். நல்ல வேளை, விடச் சொன்னான். எங்களை நிரந்தரமாக அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்குப் போக இஷ்டமில்லை. சென்னையில் நான் அவனுடைய அம்மா, அவ்வளவுதான். இங்கே டவுண் பஸ்ஸில் ஏறினால், இடுப்பில் பிள்ளையோடு எவளாவது எழுந்து, "டீச்சர், உக்காருங்க டீச்சர்" என்பாள். பள்ளிக்கூடத்தில் அவளை நான் முட்டி போட வைத்திருப்பேன். அந்த மரியாதையை விட்டுவிட்டு நான் ஏன் போக வேண்டும்? புன்னக்காயலிலிருந்து வருகிற மீன், கோயில் மணிச் சத்தம், சாயங்காலம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகள், இதெல்லாம் சேர்ந்ததுதான் என் உயிர். சாகும்வரை இந்த வீட்டில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்டது.

போன புரட்டாசியில் அதற்கு ஆபத்து வந்தது. வந்த வழி என் கிரைண்டர். அடுக்களையில் அதை வைக்க இடம் இல்லை என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததில், "இதுக்கா இவ்வளவு பாடு? சுவத்துல எடம் பண்ணிருவோம்" என்று என் வீட்டுக்காரர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் நிதானமான மனிதர், வெற்றிலை போடுகிறவர். கடப்பாரையை ஓங்கி இரண்டு போடு போட்டார். மூன்றாவது போடில் கடப்பாரை சடக்கென்று அவர் பிடித்த இடம் வரை உள்ளே போய்விட்டது. அவர் கை மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அலறியது. "யா அல்லா! யாரு அது? என் வெங்காயக் கூடைய குத்திட்டிய!"

கொத்தனார் கடப்பாரையை உருவினார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு கண் வந்தது. கூடவே சீரகம் தாளிக்கிற வாசனை. அந்தப் பக்கத்துத் தெரு வீட்டு அடுக்களை அது. மேலப்பாளையத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருஷன் துபாயில், மாமியாரும் மருமகளும் இங்கே. பேசியது மருமகள்.

"டீச்சர் வீடா?" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"ஆமாம்மா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க வீட்டு மீன் கொழம்பு வாசம் எங்க வீட்டுக்குள்ளதான் வரும். ஸாரு பேப்பர் வாசிக்கதும் நல்லாக் கேக்கும். எங்க மாமிக்குக் கண்ணு தெரியாதுல்லா, தெனம் சுவத்தோரமா உக்காந்து கேப்பாங்க. நேத்து கொஞ்சம் சத்தம் கம்மியா வாசிச்சாங்களாமே, ஒடம்பு சரியில்லையா?"

நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. என் வீட்டுக்காரருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. அவர் வாசிப்புக்கும் ஒரு ரசிகை இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து, அதன் மொட்டை முனையால் சுவரைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டொம், டொம் என்று கேட்டது. புறவாசலுக்கு வந்து குகையைப் பார்த்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து மதிலின் உச்சியைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஸார், இது மதிலு இல்ல. தேன்கூடு."

"என்னவே சொல்லுதீரு? பீரங்கிக்கே..."

"பீரங்கியெல்லாம் கெடக்கட்டும் ஸார். மேல அவ்வளவு பாரமும் நிக்கி, கீழ ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் அவங்க குடைஞ்சிருக்காங்க, இந்தப் பக்கம் நீங்க குடைஞ்சிருக்கிய. நடுவுல ஒரு சாண் மண்ணுதான் பிடிச்சிட்டு நிக்கி. ஐப்பசி மழை ரெண்டு நாளு ஒழுங்காப் பெய்ஞ்சா ஊறி எறங்கிரும். அது உங்க அடுக்களை மேலதான் எறங்கும்."

என்ன செய்யலாம் என்று நான்தான் கேட்டேன்.

"அடைக்கணும் டீச்சர். செங்கலும் சுண்ணாம்பும் வச்சு இறுக்கி அடைச்சா, நிக்கும். ஆனா ரெண்டு பக்கமும் எல்லா வீடும் ஒண்ணா அடைக்கணும். ஒரு வீட்ட மட்டும் அடைச்சா பாரம் அடுத்த பொந்துக்குப் போகும், அவ்வளவுதான். மழைக்கு முன்னால முடியலன்னா இங்க இருக்காதிய. நான் சொல்லிட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலமே மகனுக்கு விஷயம் போய்விட்டது. போட்டுக்கொடுத்தது அவன் அப்பாதான், பதற்றத்தில் எல்லாவற்றையும் உளறிவிட்டார். மகன் என்னிடம் பேசினான். கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எம்மா, மழைக்கு முன்னாடி மொத்தத்தையும் அடைச்சு, அந்தக் கொத்தனார் நல்லாருக்குன்னு சொன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லன்னா நான் வந்து கூட்டிட்டுப் போவேன். பிடிவாதம் பிடிக்கக் கூடாது." நியாயமான பேச்சு. சரி என்றேன். போனை வைத்த பிறகு அடுக்களையில் நின்று கொஞ்சம் அழுதேன். அந்த ஓட்டை வழியாக, "டீச்சர், காபி குடிச்சியளா?" என்று குரல் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வாசலில் தெருக்கூட்டம் போட்டோம். என் வீட்டுக்காரர் மதிலின் பெருமையில் ஆரம்பித்தார். நான் முறைத்ததும் விஷயத்துக்கு வந்தார். கொத்தனார் சொன்னதை அப்படியே சொன்னார். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நம்ம பக்கம் யாரு குடைஞ்சா? எல்லாம் அந்தத் தெருக்காரங்க வேலை."

"எங்க வீட்டுல இருக்கது ஒரு சின்ன மாடம். அதுவா மதில சாய்க்கும்?"

"ஜெப அறைய அடைக்கவா சொல்லுதிய? ஆண்டவருக்கு அடுக்குமா?"

கோழிக்கூட்டுக்காரர் எழுந்து, ஒரு கமிட்டி போட வேண்டும் என்றார். எங்கள் ஊரில் கமிட்டி போட்டால் தேர்தல் வரும், தேர்தல் வந்தால் இரண்டு அணி வரும், இரண்டு அணி வந்தால் மதில் தன்னால் விழுந்துவிடும். எனக்குத் தலையை வலித்தது.

அப்போதுதான் அந்த மருமகள் வந்தாள். தலையில் முக்காடும், முகம் முழுக்க வேர்வையும். "முக்கு சுத்தி வாரேன்" என்று மூச்சு வாங்கினாள். "ஓட்டை வழியா வந்திருக்கலாம், ஒடம்பு நுழையாது." பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அதன் பிறகு எல்லாரையும் பார்த்து, கூச்சமே இல்லாமல் சொன்னாள். "நான் குடைஞ்சது உண்மைதான். வெங்காயக் கூடை வைக்க. ஒரு மொழம் இருக்கும். இன்னும் உள்ள போயிருப்பேன், அந்தப் பக்கம் ஸாரு தும்முன சத்தம் கேட்டு நிப்பாட்டிட்டேன். எங்க தெருவுல எல்லாருட்டயும் கேட்டுட்டேன். எல்லாரும் குடைஞ்சிருக்காங்க. எல்லாரும் அடைக்கோம்னு சொல்லிட்டாங்க. நீங்க எப்பம் ஆரம்பிக்கிய?"

முதலில் சிரித்தது ஜெப அறை அம்மாள்தான். "ஒரு மொழந்தானா? நான் பாய் விரிக்க அளவுக்கு வெட்டியிருக்கேன்மா" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சிலிண்டர் வீட்டுக்காரர் இரண்டு சிலிண்டர் நிற்கும் என்றார். வாஷிங் மெஷின் வீட்டில், மெஷினுக்குப் பின்னால் இன்னும் ஒரு பொந்து உண்டு என்று மனைவியே காட்டிக்கொடுத்தாள். கோழிக்கூட்டுக்காரர் தன் கூட்டில் நாற்பது கோழி அடையும் என்றபோது அவர் குரலில் வெட்கத்தைக் காணோம், பெருமைதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில், யார் பொந்து பெரியது என்று போட்டியே நடந்தது. இதென்ன கூத்து ஆண்டவரே என்று நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேலைக்காலம் முழுவதும் நான் வகுப்பில் துரோகியைத் தேடியிருக்கிறேன். இங்கே ஒரு துரோகியும் இல்லை. இந்த மதில் மேல் வெளியாள் ஒருவன் கல் எறிந்தால் அவன் கையை ஒடிக்கிற ஆட்கள் எல்லாரும். அவர்கள்தான் அதைத் தின்று தீர்த்திருக்கிறார்கள். மதில் எவ்வளவு தடிமன், நாம் எடுப்பது எவ்வளவு சின்னது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கையில் ஆளுக்கொரு கை மண். அந்தக் காலத்துச் சாம்ராஜ்யங்களிலும் கதவைத் திறந்துவிட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் வருவதற்கு வெகு காலம் முன்னாலேயே, ஆளுக்கொரு கிரைண்டர் வைக்க எல்லாரும் இடம் பண்ணி முடித்திருப்பார்கள். எந்தப் பிள்ளையாவது இப்படி ஒரு பதிலைப் பரீட்சையில் எழுதியிருந்தால் நான் பெரிய சுழி போட்டு அனுப்பியிருப்பேன்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. அந்தப் பத்துப் பதினைந்து நாளும் தெரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் ஒரு பொந்தை அடைக்கும்போது அந்தப் பக்கமும் அதே இடத்தை அடைக்க வேண்டும் என்பதால், சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டார்கள். கோழிகள் இடம் தெரியாமல் எல்லார் வீட்டிலும் முட்டை போட்டன. என் அடுக்களை ஓட்டையை அடைப்பதற்கு முந்தின நாள், பூசுவதற்காக ஓரமெல்லாம் கொத்தி அகலமாக்கியிருந்த அதன் வழியாக ஒரு தூக்குச்சட்டியில் தாளிச்சா வந்தது. நான் சொதி அனுப்பினேன். அடைத்த பிறகும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முக்கு அப்படியொன்றும் தூரமில்லை என்று எங்கள் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தவர் என் வீட்டுக்காரர்தான். வாய்க்கால் கரையில் நின்ற பழைய அதிகாரம் திரும்பி வந்துவிட்டது. "இங்கன இன்னும் இறுக்கு லே! பைய, பைய! ஓரத்துல சந்து விடாத!" எல்லா வீட்டுப் பொந்தும் அடைபட்டது. எங்கள் புறவாசல் குகை மட்டும் அப்படியே இருந்தது. கொத்தனார் கேட்கும்போதெல்லாம், "அது கடைசில பாத்துக்கலாம் வே" என்பார். கடைசியும் வந்தது. மேற்கே பொதிகை மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கொத்தனார் என்னிடம் வந்து, "டீச்சர், இருக்கதுலயே பெரிய பொந்து அதுதான். மத்ததெல்லாம் அடைச்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் குகை வாசலில் போய் நின்றேன். உள்ளே சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் வாசித்தார்.

"ஏங்க, கொத்தனார் அண்ணாச்சி காத்துக்கிட்டு நிக்காரு."

"இது ஒண்ணும் செய்யாது. நான் பாத்துப் பாத்து வெட்டுனது. மேல வளைவு வச்சு வெட்டியிருக்கேன்."

"நண்டும் வளைவு வச்சுத்தான் வெட்டும்."

பேப்பர் கொஞ்சம் தாழ்ந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. "தெருவுல உள்ள எல்லார் வீட்டுலயும் போயி அடை அடைன்னு சத்தம் போட்டுட்டு, இங்கன வந்து ஒளிஞ்சிருக்கியளே, வெக்கமா இல்ல? இந்தக் குகைக்காக இந்த வீட்ட விட்டுட்டு அங்க போயி காவல்காரன்ட்ட அனுமதி கேட்டுட்டு நிக்கச் சொல்லுதியளா? நான் இந்த வீட்ட விட்டுப் போக மாட்டேன். போனா எனக்கு உசுரு இருக்காது. ஒங்களுக்கு அது புரியுதா இல்லையா?"

அவர் பேப்பரை நாலாக மடித்தார். "புரியாம என்ன. ஒனக்காகத்தான எல்லாத்தையும் அடைக்கச் சொல்லி அலைஞ்சேன். இதையும் அடைச்சிரலாம். அடைச்சிட்டா நான் எங்கன இருக்க? அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்."

"நல்லாக் கேட்டியளே! வீடு பூரா கெடக்கே!"

"வீடு பூரா நீல்லா இருக்க," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து, சாய்வு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "அடைச்சிரும் வே," என்று கொத்தனாரிடம் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அப்படி வந்திருக்காது. விடுவிடுவென்று வீட்டுக்குள் போய் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். அடுக்களை என்னுடையது, அதை விடுங்கள். நடுவறையில் என் புத்தக அலமாரி, என் தையல் மெஷின். படுக்கையறையில் அவர் பக்கத்து மேஜை மேல் நான் திருத்த வேண்டிய டியூஷன் நோட்டுகள். முன்னறையில் டியூஷன் பெஞ்சுகளும் கரும்பலகையும். அவருடைய சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தேடினால், கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் இருந்தன. நான் ஒன்றும் திட்டம் போட்டு எதையும் பிடிக்கவில்லை. அவர் காலையில் வாய்க்கால் கரைக்குப் போய் இருட்டின பிறகு வந்த வருஷங்களில், வீடு தன் போக்கில் அப்படி ஆகியிருந்தது. என்மேல் தப்பில்லை என்று இப்போதும் வாதாடுவேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் குகை அடைபட்டது. கொத்தனார் கடப்பாரையின் மொட்டை முனையால் கடைசியாக ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்தார். எங்கேயும் டொம் என்று கேட்கவில்லை. "இனி நிக்கும்" என்றார். அடுத்த வாரம் மழை பிடித்தது. பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது என்று பார்க்க ஆட்கள் பாலத்துக்குப் போனார்கள். நாங்கள் ஆற்றைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நனைந்து கறுத்து, அப்படியே நின்றது. ஒரு கீறல் இல்லை. மகனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, "சரிம்மா. நீங்க அங்கேயே இருங்க" என்றான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நான் வாய்விட்டே சொன்னேன். அந்த நிமிஷம் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவரைத் தேடினேன். புறவாசலில், தாழ்வாரச் சாரலில், மடக்கின சாய்வு நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடைத்த நாளிலிருந்து அந்த நாற்காலி வீட்டுக்குள் எங்கேயும் விரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் நான் பெருக்கும்போது அது திண்டாடிக்கொண்டு வாசலுக்குப் போகும், டியூஷன் நேரத்தில் புறவாசலுக்கு வரும். அவரும் அதன் பின்னாலேயே போய் வந்துகொண்டிருந்தார்.

"மவன் இருக்கச் சொல்லிட்டான்," என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எனக்காக.

நான் முன்னறைக்குப் போனேன். டியூஷன் பெஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளி வராந்தாவுக்கு இழுத்தேன். மூச்சு வாங்கியது. இழுக்கிற சத்தம் கேட்டு வந்தவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் நான் சாமான்களை நகர்த்தினால் அவர் எதற்கு என்று கேட்டு எத்தனையோ காலமாகிறது. எல்லாம் வெளியே போன பிறகு, அவருடைய சாய்வு நாற்காலியை எடுத்துவந்து தெருவைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் விரித்தேன். கதவுக்குப் பின்னால் கிடந்த சட்டைகளை எடுத்துவந்து அங்கே மாட்டினேன்.

"இங்கன உக்காருங்க."

விருந்தாளி மாதிரி வாசற்படியிலேயே நின்றார். "பிள்ளைகள் வருமே?"

"வராந்தாவுல உக்காரட்டும். இது இனிமே ஒங்க ரூம்."

வந்தார். பையப் பைய உட்கார்ந்தார், நாற்காலி தாங்குமோ தாங்காதோ என்பது போல. சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. காற்று உள்ளே வந்து அவர் முன்முடியைக் கலைத்தது. தெருவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, இங்கன எனக்கு இப்படி ஒரு எடம் இருக்குன்னு நீ முதல்லயே சொல்லியிருந்தா, நான் எதுக்கு அந்தச் சுவத்தப் போயிக் குடையப் போறேன்?"